அம்மாவின் பொருத்தனையும் என் ஊழியமும்

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் "ஊழியம்" என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. பையன் இன்ஜினியர் ஆகிவிட்டான் என்றால் வீட்டுக்குச் சந்தோஷம். பையன் ஊழியத்துக்குப் போய்விட்டான் என்றால் தெருவுக்கே பெருமை. ஆனால் வகுப்பு நண்பர்களிடம் இதே சொல்லைச் சொல்லிப் பாருங்கள். "ஊழியமா? மதம் மாத்துற வேலைதானலே?" என்பான் ஒருத்தன். "மைக்கைப் பிடிச்சு அழுது காணிக்கை வாங்குறதுதானே?" என்பான் இன்னொருத்தன்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்து படிக்கிறவன் என்ற முறையில் என் கருத்தை எழுதுகிறேன். யார் மனதையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை. கிறிஸ்தவ நண்பர்களுக்குச் சில பத்திகள் கசக்கும், மற்ற நண்பர்களுக்கு வேறு சில பத்திகள் கசக்கும். பாதியில் நிறுத்தாமல் முழுவதும் படியுங்கள்.

எனக்கு இது ஏன் முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்து பிழைப்பேனா என்ற நிலைமை. அப்போது அம்மா ஒரு பொருத்தனை செய்தார்கள். இந்தப் பிள்ளை பிழைத்தால் இவனை ஆண்டவரின் ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று. பிழைத்துவிட்டேன். இப்போது பட்டப்படிப்பு முடியப் போகிறது. வகுப்பில் எல்லாரும் பேங்க் பரீட்சை, டிஎன்பிஎஸ்சி என்று பேசுகிறார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும் என்னைப் பார்த்ததும், "எப்ப தம்பி செமினரிக்கு?" என்று கேட்கிறார்கள்.

மேலநீலிதநல்லூரில் எங்கள் வகுப்பில் கிறிஸ்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஆடித்தபசு வந்தால் வகுப்பில் பாதிப் பேர் சங்கரன்கோவிலில் இருப்பார்கள். சிவனும் விஷ்ணுவும் ஒரே உருவில் நிற்கும் கோயிலைப் பார்த்து வளர்ந்த நண்பர்கள் இவர்கள். "உன் சாமி மட்டும்தான் சாமியா?" என்று இவர்கள் கேட்பதில் எனக்குக் கோபம் வருவதில்லை. நியாயமான கேள்விதான். அதனால்தான் இதை யோசிக்காமல் என்னால் செமினரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட முடியவில்லை.

சரி, சொல்லில் இருந்தே ஆரம்பிப்போம். இன்றைக்கு ஊழியர் என்றால் அரசு ஊழியர், அதாவது சம்பளம் வாங்குகிறவர். ஆனால் பழைய திருவிதாங்கூர் ராஜ்யத்தில் ஊழியம் என்பதற்கு வேறு பொருள் இருந்தது. தாழ்த்தப்பட்ட சாதி மக்களிடம் கூலி கொடுக்காமல் கட்டாயப்படுத்தி வாங்கிய வேலைக்குத்தான் அங்கே ஊழியம் என்று பெயர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அந்த ராஜ்யத்தில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது இந்த வேலையிலிருந்து விடுதலை வேண்டும் என்பது அங்கே புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களின் முதல் கோரிக்கைகளில் ஒன்று. வேதாகமத் தமிழிலோ அதே சொல் கடவுளுக்கு மனதாரச் செய்யும் வேலையைக் குறிக்கிறது. ஆக, ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்றில் கட்டாயம் இருக்கிறது, மற்றதில் விருப்பம் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பொருத்தனை என்றதும் எல்லாரும் எடுத்துக்காட்டுவது அன்னாளின் கதையை. பிள்ளையில்லாத அன்னாள் பொருத்தனை செய்து, பிறந்த சாமுவேலை ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாள். எங்கள் அம்மாவுக்கும் இந்தக் கதைதான் ஆதாரம். ஆனால் அந்தக் கதையை இன்னும் இரண்டு அதிகாரம் தள்ளிப் படித்தால் வேறு விஷயம் தெரிகிறது. அம்மா கொண்டுபோய் விட்டதால் சாமுவேல் ஆலயத்தில் வளர்ந்தான், அவ்வளவுதான். அழைப்பு வந்தது பிறகு ஒரு ராத்திரியில், அவனுக்கே, அவன் பெயர் சொல்லி. அதுவும் அவனுக்கு முதலில் புரியவில்லை. ஏலிதான் கூப்பிடுகிறார் என்று நினைத்து மூன்று தடவை எழுந்து ஓடினான்.

அதே ஆலயத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், ஏலியின் மகன்கள். பரம்பரை ஆசாரியர்கள். ஜனங்கள் பலி செலுத்த வந்தால் கொப்பரைக்குள் முள்ளுக்குறட்டை விட்டு இறைச்சியை எடுத்துக்கொள்வார்கள். கொடுக்காவிட்டால் பலவந்தமாகப் பிடுங்குவார்கள். ஊழியக் குடும்பத்தில் பிறந்ததும், ஊழியத்துக்கு என்றே வளர்க்கப்பட்டதும் ஒருவனை ஊழியக்காரனாக்கிவிடாது என்பதற்கு வேதாகமமே சாட்சி. பிரசங்கங்களில் அன்னாளைப் பற்றிக் கேட்ட அளவுக்கு இந்த முள்ளுக்குறட்டைப் பற்றி நான் கேட்டதில்லை :)

அப்படியானால் உண்மையான ஊழியம் எது? அதற்குத் தூர தேசம் போக வேண்டாம். நம் பழைய திருநெல்வேலிச் சீமையிலேயே விடை இருக்கிறது.

தாமஸ் ராக்லண்ட் என்று ஒருவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் நான்காவது இடம் பெற்றவர், அங்கேயே கல்லூரி ஃபெலோவாக இருந்தவர். சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளராகச் சென்னைக்கு வந்தார். நல்ல பதவி, நல்ல வீடு. உடம்பு மட்டும் பலவீனம். 1854-ல் அந்தப் பதவியை விட்டுவிட்டு, சீமையின் வட பகுதிக்குக் கூடாரத்தோடு வந்தார். தெற்கே சபைகள் நிறைய இருந்தன, வடக்கே மிகக் குறைவு. சிவகாசி வட்டாரத்துக் கரிசல் காட்டில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்து, நடந்து, பேசி, மறுநாள் அடுத்த ஊர். நான்கே வருடம். 1858 அக்டோபர் 22-ம் தேதி சிவகாசியில் இறந்துபோனார். தன் உழைப்புக்குப் பலன் என்று சொல்ல அவர் கண்ணால் கண்டது கொஞ்சம்தான்.

இந்தக் கதையை வெள்ளைக்காரரின் தியாகம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு பகுதி. ராக்லண்டோடு நடந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் உபதேசியார்கள். தெற்கத்திச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறை வைத்து இந்த வட பகுதிக்கு அனுப்பின, அதற்கான செலவையும் ஏற்றுக்கொண்டன. பனையேறிப் பிழைத்த ஏழைச் சபைகள் அவை. அந்த உபதேசியார்கள் பலரின் பெயர்கூட நம் யாருக்கும் தெரியாது. போஸ்டர் கிடையாது, பட்டம் கிடையாது. அடுத்த மாதம் வேறு ஒருவர் வருவார்.

அதற்கு ஏறக்குறைய ஐம்பது வருடத்துக்குப் பிறகு இதே சீமையில் இன்னொரு விஷயம் நடந்தது. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வி.எஸ். அசரியா, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே காசு சேர்த்துத் தங்கள் ஆளை ஊழியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கவனியுங்கள், மாணவர்கள். நம்மை மாதிரி ஆட்கள். அவ்வளவு பழைய, அவ்வளவு பெரிய திருநெல்வேலிச் சபைக்கு இது தோன்றவில்லையே என்று அசரியாவுக்கு உறைத்தது. ஊருக்குத் திரும்பியதும் சும்மா இருக்கவில்லை. 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதுதான் கொள்கை. வெளிநாட்டுக் காசு ஒரு பைசா வேண்டாம் என்று அந்தக் காலத்திலேயே முடிவெடுத்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? பிடி அரிசியிலிருந்து. எங்கள் பாட்டி காலம் வரை இதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சோறு பொங்க அரிசியை அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அந்த அரிசியைச் சபையில் சேர்த்து விற்று ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். வீட்டில் மூன்று வேளை சமையல் இல்லாதவர்களும் போட்டார்கள். அந்த ஒரு பிடியால் யாருக்கும் பேர் வராது. எந்தப் பானையில் எவ்வளவு இருந்தது என்று மேடையில் வாசிக்கவும் மாட்டார்கள். "இந்தக் காணிக்கை கொடுத்தால் உனக்கு நூறு மடங்கு திரும்பி வரும்" என்று யாரும் அந்தப் பாட்டிகளிடம் சொல்லவில்லை. இன்றைக்கு அப்படிச் சொல்கிறவர்களைப் பார்க்கும்போது அந்தப் பானையை நினைத்துக்கொள்கிறேன்.

அந்தச் சங்கம் ஊழியர்களை அனுப்பியது நிஜாமின் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல் பகுதிக்கு. இன்று அது தெலங்கானா. 1909-ல் அசரியா தானே அங்கு போய்விட்டார். முப்பது வயதுக்கு மேல் தெலுங்கு படித்தார். 1912-ல் அங்கே பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் பிஷப்பான முதல் இந்தியர் அவர்தான்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகள், பெரும்பாலும் ஐரோப்பியரும் அமெரிக்கரும். அந்தக் கூட்டத்தில் எழுந்து, நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்திருக்கிறீர்கள், பொருளையும் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், ஆனால் எங்களுக்கு நீங்கள் நண்பர்களாக வேண்டும் என்ற பொருளில் பேசினார் அசரியா. தன்கூட வேலை செய்கிற இந்தியரை ஒருநாள்கூடத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைக்காத மிஷனெரிகள் இருந்த காலம் அது. கூட்டத்தில் பலருக்குக் கோபம். ஆனால் அந்த மாநாட்டில் நடந்த எத்தனையோ பேச்சுகளில் நூறு வருடம் கழித்தும் பேசப்படுவது அதுதான்.

எனக்கு ஊழியத்தின் அளவுகோல் இங்கேதான் கிடைத்தது. உதவி செய்வது வேறு, நட்பு வேறு. உதவி செய்யும்போது நான் மேலே, நீ கீழே. நட்பில் அப்படி முடியாது. நண்பன் "போடா, எனக்கு வேண்டாம்" என்று சொல்லலாம். சொன்ன பிறகும் நண்பனாகவே இருக்கலாம்.

இப்போது வகுப்பு நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். "பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் மதம் மாத்தத்தானே?"

மழுப்பாமல் சொல்கிறேன். வந்த மிஷனெரிகள் எல்லாரும் மக்கள் கிறிஸ்தவர்களாக வேண்டும் என்று விரும்பித்தான் வந்தார்கள். அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. நாம் ஏன் ஒளிக்க வேண்டும்? ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால், பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளி தொடங்கியதை எப்படிப் புரிந்துகொள்வது? ஆள் சேர்க்க நினைப்பவன் அங்கேயா போவான்? களக்காட்டுப் பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 1901-லிருந்து கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். 1931-ல் கீழே விழுந்து அடிபட்டவர், கடைசி இருபது வருடமும் பெரும்பாலும் படுக்கையில்தான். ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. 1951-ல் இறந்தபோது கல்லறைக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் அங்கே இருக்கிறது, அதில் "அம்மை" என்ற சொல்.

அதே நேரத்தில் என் கிறிஸ்தவ நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு ஒவ்வொருவருக்கும் தன் மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது. ஆனால் 1977-ல் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை என்று அர்த்தம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, பெரிய எதிர்ப்புக்குப் பிறகு 2004-ல் கைவிடப்பட்டது. அந்தச் சட்டம் எனக்கும் பிடிக்கவில்லை. ஒரு மனிதன் எதை நம்புகிறான் என்று கலெக்டர் ஆபீசில் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. இதே மாவட்டத்தில் 1981-ல் மீனாட்சிபுரத்து மக்கள் இஸ்லாத்துக்குப் போனபோது நாடே அதிர்ந்து பேசியது. யார் மாற்றினார்கள் என்று தேடினவர்கள்தான் அதிகம். சாதிக் கொடுமை தாங்காமல் போனோம் என்று அவர்கள் சொன்னதைக் காதில் வாங்கியவர்கள் குறைவு. மாறுகிறவனுக்கும் மூளை இருக்கிறது என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

ஆனால் சட்டம் வேண்டாம் என்று சொல்கிற நாம், சட்டத்துக்கு வேலையே இல்லாதபடி நடந்துகொள்ள வேண்டாமா? நான் வைத்திருக்கிற சோதனை ஒன்றே ஒன்று. அரிசி கொடுக்கிறாய், ஃபீஸ் கட்டுகிறாய், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாய். அவன் "உன் சாமி எனக்கு வேண்டாம்" என்று சொன்ன மறுநாளும் இதையெல்லாம் செய்வாயா? செய்வாய் என்றால் அது ஊழியம். நிறுத்திவிடுவாய் என்றால் அதற்குப் பெயர் வியாபாரம். சரக்கு பரலோகமாக இருந்தாலும் வியாபாரம்தான்.

இன்னொரு கசப்பு. வெளியே இருக்கிறவனுக்கு ஊழியம் செய்யும் முன் உள்ளே பார்க்க வேண்டியது நிறைய. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், சபையில் சாதிக்கு இடமில்லை என்று கடுமையாக நின்றவர். விடுதியில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும் என்றார். வீடு வாசல் இழந்த கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தத் தர்ம சங்கம் தொடங்கினார். ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகிவிட்டது. இன்றும் கல்யாணப் பத்திரிகையில் வேத வசனம் மேலே இருக்கும், பெண் பார்த்தது சாதிக்குள்ளேயே இருக்கும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைக்கூடச் சாதி வாரியாகப் பிரிக்கச் சுவர் எழுப்பியிருந்த செய்தி பத்திரிகைகளில் வந்ததுதான். திருமண்டலத் தேர்தல் வந்தால் சட்டமன்றத் தேர்தல் தோற்றுவிடும். இதையெல்லாம் பார்க்கிற என் வகுப்பு நண்பனிடம் நான் எந்த முகத்தோடு அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வது?

"அப்படியானால் உனக்கு விசுவாசம் இருக்கிறதா இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. சந்தேகமும் இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. நம் நாட்டுக்கு வந்ததாகப் பாரம்பரியம் சொல்கிற சீடர் யார் என்று பாருங்கள். தண்ணீரில் நடந்த பேதுரு வரவில்லை. காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமாதான் வந்தார். அவரை இயேசு விரட்டவில்லை, கையை நீட்டு என்றார். கேள்வி கேட்பவனையும் பக்கத்தில் உட்கார வைக்கிற அந்த இயேசுவை எனக்குப் பிடித்திருக்கிறது. என் விசுவாசத்தின் முழு விவரமும் இவ்வளவுதான்.

கடைசி நியாயத்தீர்ப்பைப் பற்றி இயேசு சொன்ன உவமையிலும் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பசித்தவனுக்குச் சோறு போட்டவர்கள், நோயாளியைப் போய்ப் பார்த்தவர்கள் எல்லாரும், நாங்கள் எப்போது உமக்கு இதைச் செய்தோம் என்று ராஜாவிடம் திருப்பிக் கேட்கிறார்கள். அதாவது தாங்கள் ஊழியம் செய்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊழியம் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டவர்கள் அந்தப் பட்டியலில் எத்தனை பேர் இருப்பார்களோ, எனக்குத் தெரியாது.

எனவே என் முடிவு இது. இப்போதைக்கு நான் செமினரிக்குப் போகப் போவதில்லை. பி.எட். படித்துக் கணக்கு வாத்தியார் ஆக வேண்டும் என்பது ஆசை. கணக்கு என்றாலே பயந்து பத்தாம் வகுப்போடு நிற்கிற பிள்ளைகள் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ பேர். அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப என் பொருத்தனை?" என்றார்கள். சாமுவேலுக்கு அழைப்பு அவன் காதில்தான் விழுந்ததும்மா, எனக்கு இன்னும் விழவில்லை, விழுந்ததாக நடிக்க என்னால் முடியாது என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஜெபம் பண்ணுகிறேன் என்று மட்டும் சொன்னார்கள். அம்மாவின் வருத்தம் எனக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆனால் கட்டாயத்தால் செய்தால் அது அந்தப் பழைய திருவிதாங்கூர் ஊழியம் ஆகிவிடும். கடவுளுக்குக் கூலியில்லாத ஆட்கள் தேவைப்படுகிறார்கள் என்று நான் நம்பவில்லை.

செமினரிக்குப் போகிற நண்பர்களைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். மழையில் நனைந்து சாவு வீட்டுக்கு ஓடுகிற, மாதக் கடைசியில் கடன் கேட்டு நிற்கிற கிராமத்து உபதேசியார்களை எனக்குத் தெரியும். அழைப்பு கேட்டுப் போகிறவர்கள் போகட்டும். அவர்களுக்காக ஒரு பிடி அரிசியை நானும் எடுத்து வைப்பேன். நான் கேட்பதெல்லாம், பிள்ளைகளைப் பொருத்தனை செய்த பெற்றோரே, அவர்கள் காதில் விழும்வரை கொஞ்சம் பொறுங்கள் என்பதுதான். என் வகுப்பு நண்பர்களே, நான் உங்களோடு டீ குடிப்பதற்குப் பின்னால் எந்தத் திட்டமும் கிடையாது. என் சாமியைப் பற்றிக் கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் டீ உண்டு. மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், பேசுவோம்.